கல் வளராத குளிர்காலம்



பவளம் மெதுவாகத்தான் வளரும். கடலில் உருண்டையாக வளரும் பெரிய வகைகள் ஒரு வருடத்தில் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர்தான் கூடும். கிளை விடும் வகைகள் நல்ல இடம் கிடைத்தால் வருடத்துக்கு 10 சென்ரிமீற்றர் வரை போகும். அதனால் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் ஒருவர் "என்ர பவளம் வளருதில்லை" என்று சொன்னால், எல்லோரும் சொல்லும் முதல் பதில் "பொறுத்திரு" என்பதுதான். பல நேரங்களில் அது சரியான பதில். சில நேரங்களில் அது பிழையான பதில். எங்கோ ஏதோ ஒன்று குழம்பியிருக்கும், பொறுத்திருந்தால் பவளம் செத்துப்போகும். இரண்டில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போன குளிர்காலம் முழுக்க நான் இந்தக் கேள்வியோடுதான் இருந்தேன்.

தொட்டி வைத்திராதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நகைக்கடையில் பார்க்கும் சிவப்புப் பவளம் வேறு. நாங்கள் தொட்டியில் வளர்ப்பது வெப்பக் கடல்களில் பாறை கட்டும் வகை. அது செடி இல்லை, கல்லும் இல்லை, விலங்கு. ஒவ்வொரு கிளையிலும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வாய்கள் இருக்கும். அதன் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்து, அதில் பெரும்பகுதியைத் தான் குடியிருக்கும் பவளத்துக்கே கொடுத்துவிடுகிறது. அந்தச் சக்தியை வைத்துக்கொண்டு பவளம் தண்ணீரிலுள்ள கல்சியத்தையும் பைகாபனேற்றையும் சேர்த்துத் தனக்குக் கீழே கல் கட்டுகிறது. வளர்ச்சி என்று நாங்கள் சொல்வது அந்தக் கட்டிட வேலையைத்தான்.

எங்கள் வீடு ஸ்காபரோவில் 1970களில் கட்டிய பழைய வீடு. முன் அறையில் 280 லீற்றர் தொட்டி. அதில் மொண்டிபோரா, அக்ரோபோரா, சுத்தியல் பவளம் என்று பதினைந்து துண்டுகள் இருக்கின்றன. எல்லாமே இங்குள்ள வளர்ப்பாளர்கள் தங்கள் தொட்டியில் வளர்த்து வெட்டித் தந்தவை. கடலில் இருந்து உடைத்து எடுத்தவை அல்ல. நீங்கள் வாங்குவதாக இருந்தால் அப்படிப்பட்டதையே கேட்டு வாங்குங்கள்.

நான் வேலையில் நாள் முழுக்கச் செய்வது, மற்றவர்களுடைய கணினி அமைப்புகள் ஏன் மெதுவாக ஓடுகின்றன என்று பார்ப்பது. அங்கே முதல் விதி: "மெதுவாக இருக்கிறது" என்று யார் சொன்னாலும், எத்தனை வினாடி என்று கேள். தொட்டிக்கும் அதே விதிதான். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி, அளவுகோலைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, ஒரே இடத்தில் நின்று படம் எடுப்பேன். செப்ரெம்பர் வரை மொண்டிபோராவின் நுனி மாதத்துக்குக் கிட்டத்தட்ட அரை சென்ரிமீற்றர் நீண்டது. டிசெம்பரில் இரண்டு படங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. நுனியில் புதுக் கல் கட்டும்போது தெரியும் வெள்ளை விளிம்பையும் காணவில்லை.

படம் மாதத்துக்கு ஒருமுறைதான் பேசும். தினமும் பேசும் அளவு ஒன்று இருக்கிறது: அல்கலினிட்டி. தண்ணீரில் எவ்வளவு பைகாபனேற்று இருக்கிறது என்பதற்கான கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை டிகேஎச் என்ற அலகில் அளப்பார்கள். கடலில் ஏறத்தாழ 7, தொட்டிகளில் 8 அளவில் வைத்திருப்போம். பவளம் கல் கட்டக் கட்ட இது குறையும். குறைந்த அளவை நாங்கள் தினமும் ஊற்றி நிரப்புவோம். கோடையில் என் தொட்டி ஒரு நாளைக்கு 0.8 டிகேஎச் சாப்பிட்டது. கணக்குப் போட்டால், 280 லீற்றர் தண்ணீரில் அது ஒரு நாளைக்குச் சுமார் 4 கிராம் கல். நவம்பரில் இருந்து இந்தச் செலவு படிப்படியாக இறங்கி, ஜனவரியில் 0.4க்கு வந்துவிட்டது. ஒரு நாளைக்கு 2 கிராம்தான். கட்டிட வேலை பாதியாகிவிட்டது. இது பொறுத்திருக்க வேண்டிய மெதுவான வளர்ச்சி அல்ல. ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

இந்த இடத்தில் பலர் செய்வது, கடைக்குப் போய் மூன்று போத்தல் மருந்து வாங்கி மூன்றையும் ஒன்றாக ஊற்றுவது. அப்படிச் செய்தால், நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் எதனால் நடந்தது என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பாருங்கள். எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். நான் பார்த்த வரிசை இது.

உப்பு: அளக்கும் கருவியை முதலில் 35 என்று தெரிந்த மாதிரித் திரவத்தில் சரிபார்த்தேன், பிறகு தொட்டியை அளந்தேன். 35. சரி.

வெப்பம்: 25.5 பாகை. இரவு பகல் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை.

கல்சியம் 430, மக்னீசியம் 1,320, இரண்டும் லீற்றருக்கு மில்லிகிராமில். மக்னீசியம் குறைந்தால் கல்சியமும் பைகாபனேற்றும் பவளத்துக்குப் போகாமல் தாங்களாகவே பம்பிலும் ஹீற்றரிலும் படிந்துவிடும். அதுவும் இல்லை.

நைட்ரேட் 5, பொஸ்பேட் 0.06. பொஸ்பேட் அதிகமாகக் கூடினால் கல் படிவது தடைப்படும். இரண்டும் சுத்தமாகப் பூச்சியமானால் பாசி பட்டினி கிடக்கும், பவளம் வெளிறும். இது நடுவில் நல்ல இடம்.

வெளிச்சம்: எல்இடி விளக்குகள் காலப்போக்கில் மங்கலாம், கண்ணுக்குத் தெரியாது. நண்பர் ஒருவரிடம் ஒளிமானி இரவல் வாங்கி, ஜூன் மாதம் அளந்த அதே ஆறு இடங்களில் அளந்தேன். அதே எண்கள்.

நீரோட்டம்: பம்புகளைக் கழற்றி வினாகிரியில் ஊறவைத்துக் கழுவினேன். பெரிய படிவு இல்லை.

பூச்சி: நடு இரவில் சிவப்பு வெளிச்சத்தோடு கிளை கிளையாகத் தேடினேன். மொண்டிபோராவைத் தின்னும் சின்ன ஓடில்லா நத்தைகள் இருக்கின்றன. அவை பகலில் ஒளிந்துகொள்ளும். ஒன்றும் அகப்படவில்லை.

குழாய்த் தண்ணீர்: ரொறன்ரோத் தண்ணீரில் கிருமி கொல்ல குளோரமைன் சேர்க்கிறார்கள். அதனால் நான் பாவிப்பது ஆர்ஓ வடிகட்டியில் வந்த தண்ணீர். வடிகட்டியில் இருந்து வருவதை அளந்தேன். பூச்சியம்.

எல்லாமே சரி. ஆனால் கல் வளரவில்லை.

இந்த நாட்களில் என்னோடு தொட்டிக்கு முன்னால் இருந்த இன்னொருவர் அப்பா. ஒக்ரோபர் கடைசியில் அப்பாவும் அம்மாவும் தங்கள் வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிட்டார்கள். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, படி ஏற முடியாது. அப்பா நெடுந்தீவில் பிறந்தவர். அந்தத் தீவைப் படத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வளவுகளுக்கு வேலியே முருகைக்கல்தான். பவளம் செத்து மிஞ்சும் கல்லை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய மதில்கள்.

"தம்பி, எங்கட ஊரில இது வேலி," என்று முதல் நாளே சொன்னார். "கல்லுக்கு லைற்றும் போட்டுத் தீனும் போட்டு வளர்க்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறன்."

ஆனால் அவருக்குத் தொட்டி பிடித்துவிட்டது. காலைத் தேநீரை அதன் முன்னாலேயே குடிப்பார். ஜன்னல்களால் குளிர் வருகிறது என்று, தன் பழைய வீட்டில் வருடாவருடம் செய்தது போலவே, எல்லா ஜன்னல்களுக்கும் பிளாஸ்ரிக் தாள் ஒட்டினார். வீடு கதகதப்பானது. ஹீற்றர் பில்லும் குறைந்தது.

நான் கடைசியாகத் திறந்த பட்டியல் பிஎச். தொட்டியில் ஒரு மானி எந்நேரமும் அதைப் பதிவு செய்துகொண்டிருக்கிறது. பகலில் பாசி காபனீரொட்சைட்டை எடுப்பதால் பிஎச் ஏறும், இரவில் இறங்கும். காபனீரொட்சைட்டு என்பது அப்பா படித்த சொல். நான் பள்ளியில் ஆங்கிலத்தில் படித்ததை விட இந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் இதையே எழுதுகிறேன். கோடையில் என் தொட்டி 8.05க்கும் 8.25க்கும் இடையே ஆடியது. இப்போது 7.75க்கும் 7.95க்கும் இடையே. பகலில் எட்டும் உச்சம்கூட, கோடையின் அடிமட்டத்துக்குக் கீழே. இன்னொன்றையும் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோடு இன்னும் கீழே போயிருந்தது. சொந்தக்காரர் எல்லோரும் சாப்பிட வரும் நாள் அது.

காற்றில் காபனீரொட்சைட்டு கூடினால் அது தண்ணீரில் கரைந்து அமிலமாகும், பிஎச் இறங்கும். பவளம் கல் கட்டும் இடத்தில் இருந்து அமிலத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே உள்ள தண்ணீரிலும் அமிலம் கூடினால், தள்ளுவதற்கே சக்தி போய்விடும், கட்ட மிஞ்சாது.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது, செலவு ஒன்றும் இல்லை. தொட்டித் தண்ணீரை இரண்டு கிளாஸில் எடுங்கள். ஒன்றுக்குள் சின்னக் காற்றுப் பம்பால் அறைக் காற்றை விடுங்கள். மற்றதற்குள், குழாயை ஜன்னல் இடுக்கால் வெளியே விட்டு, வெளிக்காற்றை விடுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்து இரண்டையும் அளந்து பாருங்கள். எனக்கு அறைக்காற்றுக் கிளாஸ் 7.8இலேயே நின்றது. வெளிக்காற்றுக் கிளாஸ் 8.15க்கு ஏறியது. தண்ணீரில் பிழை இல்லை. வீட்டுக் காற்றுத்தான் காரணம். பிறகு ஒரு காபனீரொட்சைட்டு மானி வாங்கி வைத்தேன். வெளியே 430 பிபிஎம் அளவில் இருந்தது, முன் அறையில் 1,400.

சாப்பாட்டு மேசையில் இதை மனைவிக்குச் சந்தோசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு வயது மகள் கேட்டாள்: "நாங்கள் மூச்சு விடுறதாலயா?" நான் ஓம் என்றேன். அவள் விரல் விட்டு எண்ணினாள். "போன வருசம் மூன்று பேர். இப்ப ஐந்து பேர்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நாங்கள் வந்ததாலதான்," என்று சொன்னா. சிரித்துக்கொண்டுதான் சொன்னா. அப்பா சிரிக்கவில்லை. அன்றிரவு மொன்றியலில் இருக்கும் என் தம்பியோடு அவர் ரெலிபோனில் மெதுவாகப் பேசுவது கேட்டது. "அங்க கீழ்த்தட்டில ஒரு அறை இருக்கெல்லோ? கொஞ்ச நாளைக்கு..."

பெற்றோரோடு வாழ்பவர்களுக்குத் தெரியும், எங்கள் அம்மா அப்பாமாருக்கு ஒரு பயம் உண்டு. எங்கேயோ யாருக்கோ பாரமாகிவிட்டோமோ என்ற பயம். வாயால் சொல்லமாட்டார்கள், பெட்டியைக் கட்டுவார்கள். ஒரு பவளத் தொட்டி அந்தப் பயத்துக்குச் சாட்சி சொல்ல நான் விடப்போவதில்லை.

அடுத்த நாள் இரவு மானியை அவர்கள் படுக்கும் அறையில் வைத்தேன். விடியப்புறம் 2,100. சின்ன அறை, பூட்டிய கதவு, தாள் ஒட்டிய ஜன்னல். அம்மா சில கிழமையாக எழும்பும்போது தலை பாரமாக இருக்குது என்று சொல்லிக்கொண்டிருந்தா. அதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த அறைக்குக் காற்று வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. எண்ணை அப்பாவிடம் காட்டினேன்.

"அப்பா, பவளம் உங்களைக் குறை சொல்லேல்லை. வீட்டைத்தான் குறை சொல்லுது. ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்கு ஐந்து பேருக்கான காத்து வரோணும். இரண்டு பேரைக் குறைக்கிறது அதுக்குத் தீர்வில்லை."

அவர் மானியைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். "அப்ப அம்மாவின்ர அறையை முதல்ல பார்," என்றார்.

செய்தது இவைதான். குளியலறையிலும் அடுப்புக்கு மேலேயும் உள்ள காற்றாடிகளை நேரம் வைத்து ஓட விட்டோம். படுக்கையறை ஜன்னலில் தாளைக் கழற்றி, பகலில் இரண்டு தடவை பத்து நிமிடம் திறந்தோம். தொட்டியின் ஸ்கிம்மர் என்ற கருவி எந்நேரமும் காற்றை இழுத்துத் தண்ணீரோடு கலக்கும். அதன் காற்றுக் குழாயைச் சுவரில் துளை போட்டு வெளியே விட்டேன். அதனால் இப்போது தொட்டி மூச்சு விடுவது வெளிக்காற்றை.

கடைசி வழிதான் அப்பாவின் வழி. இந்தப் பொழுதுபோக்கில் ஜேர்மன் பெயரில் கல்க்வாசர் என்று ஒன்றைச் சொல்வார்கள். தமிழில் அது சுண்ணாம்புத் தெளிவு, வேறொன்றும் இல்லை. சுத்தமான கல்சியம் ஹைதரொட்சைட்டைத் தண்ணீரில் கலக்கி, தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுத்து, இரவில் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் விடுவது. அது காபனீரொட்சைட்டைப் பிடித்துப் பைகாபனேற்றாக மாற்றும், கல்சியத்தையும் கொடுக்கும், பிஎச்சையும் ஏற்றும். ஒரே சாமானில் மூன்று வேலை.

நான் அதை அப்பாவுக்கு விளங்கப்படுத்தத் தொடங்கியதும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "சுண்ணாம்பு தெளிய விடுறது எனக்கு நீ சொல்லித் தரோணுமே? சிப்பி சுட்ட சுண்ணாம்பில எத்தினை மதிலுக்கு வெள்ளை அடிச்சனாங்கள்."

அன்றிலிருந்து அந்த வேலை அவருடையது. ஒரு நாளைக்கு 2 லீற்றர். என் கணக்குப்படி அது 0.8 டிகேஎச்சுக்குச் சமம். கோடையில் தொட்டி சாப்பிட்ட அதே அளவு. அதனால் மற்றப் போத்தல்களைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். முதல் இரண்டு கிழமை அரை லீற்றரில் தொடங்கி, தினமும் அளந்து, மெல்ல மெல்லத்தான் ஏற்றினோம். ஒரு எச்சரிக்கை: இந்தத் தெளிவின் பிஎச் 12க்கு மேல். கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடாதீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைப் பாவிக்காதீர்கள், அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று தெரியாது. ஒரேயடியாக ஊற்றினால் தொட்டியில் உள்ளது எல்லாம் செத்துப்போகலாம்.

பெப்ரவரி நடுவில் பிஎச் கோடு 8க்கு மேலே வந்தது. மார்ச்சில் தொட்டியின் செலவு நாளுக்கு 0.65. ஏப்ரலில் 0.85. மொண்டிபோராவின் நுனிகளில் மீண்டும் வெள்ளை விளிம்பு. அம்மாவின் அறையில் விடியப்புறம் 900. மொன்றியல் அறையைப் பற்றி யாரும் பிறகு பேசவில்லை.

உலகக் கடல்களிலும் இதே கணக்குத்தான் நடக்கிறது. தொழிற்புரட்சிக்குப் பிறகு நாங்கள் எரித்த நிலக்கரியும் எண்ணெயும் வெளியிட்ட காபனீரொட்சைட்டில் ஒரு பங்கு கடலில் கரைந்து, மேற்பரப்பு நீரின் பிஎச் சுமார் 8.2இல் இருந்து 8.1க்கு இறங்கிவிட்டது. சின்ன எண் போலத் தெரியும். ஆனால் அந்த 0.1, அமிலம் கால்பங்குக்கு மேல் கூடியதற்குச் சமம். அதற்கு மேல் வெப்பம். உலகளவில் நான்காவது பவள வெளிறல் நடப்பதாக அமெரிக்காவின் நோவா நிறுவனம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. என் தொட்டிக்கு ஒரு சுவரில் துளை போட்டால் போதும். கடலுக்கு வெளியே விடக் குழாய் இல்லை. இதை மகளுக்குச் சொன்னபோது, "அப்ப கடலுக்கு ஜன்னல் எங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. உங்களில் சிலர் அந்தத் துறையைப் படிக்கப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் தொட்டியில் பவளம் நின்றுவிட்டால், வரிசையை ஒருமுறை சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் உண்மையில் நின்றுவிட்டதா என்று படத்தாலும் அல்கலினிட்டிச் செலவாலும் உறுதி செய்யுங்கள். பிறகு உப்பு, வெப்பம், கல்சியம், மக்னீசியம், நைட்ரேட், பொஸ்பேட், வெளிச்சம், நீரோட்டம், பூச்சி. எல்லாம் சரியென்றால் தொட்டியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, அது இருக்கும் அறையைப் பாருங்கள். இரண்டு கிளாஸ், ஒரு பம்ப், ஒரு மணித்தியாலம்.

மொண்டிபோரா இப்போது பக்கத்துக் கல்லையும் மூடத் தொடங்கிவிட்டது, வெட்ட வேண்டும். ரொறன்ரோப் பக்கம் இருப்பவர்கள் கேட்டால் ஒரு கிளை தருவேன். ஆனால் சுண்ணாம்புத் தெளிவு எப்படிச் செய்வது என்று அப்பாவிடம் அரை மணித்தியாலம் பாடம் கேட்க வேண்டியிருக்கும், அது விலைக்குள் அடக்கம்.